பயண ஸ்கிராப்புக்: கழற்றி மாட்டும் துணி உறையை வீட்டிலேயே தைக்கலாம்

பயணத்தில் கிழித்த டிக்கெட், ஓட்டல் ரசீது, காய்ந்த இலை, அங்கங்கே எடுத்த போட்டோ எல்லாம் ஒட்டிய நோட்டு ஊர் திரும்பும்போது இரண்டு மடங்கு பருத்திருக்கும். கடையில் வாங்கும் உறைகள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வெறும் நோட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தி, பாதி ஒட்டி முடித்ததும் மூட முடியாமல் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் இந்த உறையில் தையலைவிட அளவுதான் முக்கியம். அளவு சரியாக இருந்தால், மிஷினில் நேராக ஓட்டத் தெரிந்தவர் ஒரு மதியத்தில் தைத்து முடிக்கலாம். கையாலும் தைக்கலாம், இன்னும் ஒரு நாள் கூடும்.

இங்கே சொல்வது ஏ5 அளவு கெட்டி அட்டை நோட்டுக்கான உறை. அட்டையைச் செருக உள்ளே இரண்டு பக்கமும் மடிப்புப் பை, பின்னால் டிக்கெட் பை, மூடி வைக்க எலாஸ்டிக். வேறு அளவு நோட்டானால் இதே கணக்கில் எண்களை மட்டும் மாற்றினால் போதும்.

துணி

நடுத்தரக் கனமுள்ள பருத்திதான் சிறந்தது. விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கினால் படுக்கை விரிப்பு அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். காடா துணி, மெல்லிய கேன்வாஸ், கலம்காரி எல்லாம் பொருந்தும். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி போலக் கட்டம் போட்ட கைத்தறித் துணி புதியவர்களுக்கு ஒரு வகையில் வசதி: கோட்டைப் பிடித்தே நேராக வெட்டிவிடலாம். ஆனால் அரை செ.மீ. கோணினாலும் கட்டம் காட்டிக்கொடுத்துவிடும். பழைய பருத்திச் சேலை என்றால் நைந்த இடத்தைத் தவிர்த்து, முந்தானைக்கு அருகிலுள்ள கெட்டியான பகுதியை எடுங்கள். சேலைத் துணி மெல்லியது என்பதால் பின்னால் காடா வைத்தே ஆக வேண்டும். பவானி ஜமுக்காளம் பார்க்க அழகு, ஆனால் வீட்டு மிஷினில் நான்கு மடிப்பு சேரும் மூலையில் ஊசி உடையும். பட்டும் வேண்டாம், பையில் உரசினால் நூல் பிரியும், துவைப்பதும் சிரமம்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்துக் காயவைப்பது கட்டாயம். பருத்தி முதல் நனைப்பில் 3 முதல் 5 சதவீதம் சுருங்கும். 37 செ.மீ. துண்டில் அது ஒரு செ.மீ.க்கு மேல் வரும். நனைக்காமல் தைத்த உறையை ஒருமுறை துவைத்தால் நோட்டு உள்ளே நுழையாது.

சாயத்தையும் அப்போதே பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் இருபது முறை தேயுங்கள். கறை ஏறினால் தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப அலசுங்கள். மதுரைச் சுங்குடி போன்ற அடர் சிவப்பு, நீலத் துணிகளில் இதைத் தவறவிட்டால், மழையில் நனைந்த அன்று நோட்டின் ஓரமெல்லாம் சாயம் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். எல்லாச் சாயத்துக்கும் அது பலிக்காது. ஐந்தாறு அலசலுக்குப் பிறகும் கறை விடுகிற துணியை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற பொருட்கள்

மேல் துணி அரை மீட்டர், உள்ளே வைக்க லைனிங் பருத்தி அரை மீட்டர். இது 90 செ.மீ. அகலத் துணிக்கான கணக்கு. சட்டைக் காலரில் வைக்கும் ஒட்டுக் கேன்வாஸில் மெல்லிய ரகம் கால் மீட்டர். ஒரு செ.மீ. அகல எலாஸ்டிக் அரை மீட்டர். ஒரு டிச் பட்டன். பாலியெஸ்டர் நூல். மிஷினுக்கு 14-ஆம் எண் ஊசி. கேன்வாஸ் துணி என்றால் 16. இன்ச் டேப், ஸ்கேல், சாக்பீஸ், குண்டூசி, கூர்மையான கத்தரி, இஸ்திரிப் பெட்டி.

தடித்த ஒட்டுக் கேன்வாஸ் வாங்கினால் உறை விறைப்பாக அழகாக நிற்கும் என்று தோன்றும். நோட்டுக்கு ஏற்கெனவே கெட்டி அட்டை இருக்கிறது. விறைப்பு கூடினால் முதுகுப் பகுதியில் மடங்காமல் முறிந்து, கோடு கோடாகத் தெரியும். மெல்லியதே போதும்.

அளவெடுப்பது

நோட்டைத் திறந்து கவிழ்த்து வைத்து அளப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. உறை வெளிப்புறமாகச் சுற்றிப் போவது. நோட்டை மூடும்போது முதுகின் இரண்டு விளிம்பிலும் துணி வளைந்து திரும்ப வேண்டும். ஆகவே திறந்த நிலையைவிட மூடிய நிலையில்தான் நீளம் கூடுதலாகத் தேவைப்படும். தடித்த அட்டையில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு செ.மீ. வரை வரும். திறந்த நிலையில் கச்சிதமாக இருக்கும் உறை, மூடும்போது அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

இனி ஒட்டப்போகும் பொருட்களுக்கும் இடம் விட வேண்டும். நான்கு தாளுக்கு ஒன்று வீதம் நோட்டுக்குள் மடித்த செய்தித்தாள் துண்டுகளையோ பழைய வாழ்த்து அட்டைகளையோ செருகுங்கள். நிரம்பிய நோட்டு எவ்வளவு பருமனாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அந்த அளவுக்கு வந்ததும் மூடிவைத்து, இன்ச் டேப்பை முன்னட்டையின் திறக்கும் ஓரத்தில் பிடித்து, முதுகைச் சுற்றி, பின்னட்டையின் ஓரம்வரை கொண்டுபோங்கள். டேப் அட்டையோடு ஒட்டிச் செல்ல வேண்டும், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. அது சுற்றளவு. அட்டையின் உயரத்தைத் தனியாக எடுங்கள்.

நம் எடுத்துக்காட்டு நோட்டின் அட்டை 15.2 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். சுற்றளவு 34 செ.மீ.

வெட்டும் அகலம் = சுற்றளவு + 1 செ.மீ. தளர்வு + இரு பக்கத் தையலுக்கு 2 செ.மீ. = 37 செ.மீ.
வெட்டும் உயரம் = அட்டை உயரம் + அரை செ.மீ. தளர்வு + தையலுக்கு 2 செ.மீ. = 24 செ.மீ.

கேன்வாஸ் போன்ற தடித்த துணியில் உயரத் தளர்வை 8 மி.மீ. ஆக்குங்கள், துணியின் கனமே உள்ளே இடத்தை எடுத்துக்கொள்ளும். அகலத் தளர்வு 2 செ.மீ.யைத் தாண்டினால் உறை முதுகில் தொளதொளவென்று நகரும்.

தையல் கட்டு நோட்டில் முதுகு அதிகம் பருக்காது, திறக்கும் ஓரம்தான் விரியும். ஸ்பைரல் நோட்டில் கம்பிக்கு வெளியே டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். கம்பி உரசும் இடத்தில் லைனிங்கின் மேல் 6 செ.மீ. அகலத்தில் இன்னொரு துணிப் பட்டையை வைத்துத் தைத்தால் ஓட்டை விழாது.

துணியில் கத்தரி வைப்பதற்கு முன் இந்த அளவில் செய்தித்தாளை வெட்டி, தையல் பகுதியை மடித்து, நோட்டில் சுற்றி மூடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை, அரை மீட்டர் துணியைக் காப்பாற்றும்.

வெட்ட வேண்டிய துண்டுகள்

மேல் துணியில்:
உறை, 37 × 24 செ.மீ., ஒன்று
மடிப்புப் பை, 18 × 24 செ.மீ., இரண்டு
டிக்கெட் பை, 14 × 20 செ.மீ., ஒன்று

லைனிங்கில் 37 × 24 செ.மீ., ஒன்று
ஒட்டுக் கேன்வாஸில் 34.6 × 21.6 செ.மீ., ஒன்று

உறையின் 24 செ.மீ. உயரம் பாவு நூல் ஓடும் திசையில், அதாவது துணியின் கரைக்கு இணையாக வரட்டும். பாவு இழுத்தால் அதிகம் நீளாது. உயரத்தில் உறை தொங்காமல் இருக்கும். மடிப்புப் பையின் 18 செ.மீ. என்பது இரண்டாக மடித்து, தையல் போக 8 செ.மீ. கிடைப்பதற்கான அளவு. அட்டை அகலத்தில் பாதியை ஒட்டி இருந்தால் சரி. பை 6 செ.மீ.க்குக் கீழே போனால் நோட்டைத் திறக்கும்போதே அட்டை நழுவி வெளியே வரும். 12 செ.மீ.க்கு மேல் போனால் கெட்டி அட்டையை உள்ளே நுழைக்க முடியாது.

முன்பக்கத்தில் பூத்தையல் போட விரும்பினால்

பூத்தையலை உறைத் துண்டு வெட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். வளையத்தில் மாட்டி இழுக்கும்போது துணி கோணும். வெட்டிய துண்டு அதன்பின் 37 × 24-ஆக இருக்காது. எல்லாப் பக்கமும் 5 செ.மீ. கூடுதலாக விட்டுத் தைத்து, துவைத்து, பின்பக்கமாக இஸ்திரி போட்ட பிறகு அளவுக்கு வெட்டுங்கள். துணியின் நல்ல பக்கம் உங்களைப் பார்த்திருக்கும்போது முன்னட்டை வலது பாதியில் வரும். இடது பாதியில் தைத்துவிட்டு, முடிந்தபின் படம் பின்னட்டையில் இருப்பதைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர்.

படத்துக்குப் பூவும் பட்டாம்பூச்சியும் இருக்கவே இருக்கின்றன. பயண நோட்டுக்குப் போன பாதையையே தைப்பது இன்னும் பொருத்தம். நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம்வரை 46 கி.மீ. ஒரு கிலோமீட்டருக்கு 2.5 மி.மீ. என்று வைத்தால் படம் 11.5 செ.மீ. அகலம் வரும், நம் முன்னட்டையில் அழகாக அடங்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், குன்னூர் சுமார் 1,710, உதகை சுமார் 2,200. நூறு மீட்டருக்கு 5 மி.மீ. என்று மேல்நோக்கிக் குறித்தால், தொடங்கும் புள்ளியிலிருந்து குன்னூர் 7 செ.மீ. வலப்பக்கம், 6.9 செ.மீ. மேலே; உதகை 11.5 செ.மீ. வலப்பக்கம், 9.4 செ.மீ. மேலே. கல்லாறு 2 செ.மீ. தள்ளி, கிட்டத்தட்ட தரைமட்டத்திலேயே இருக்கும். புள்ளிகளைச் சாக்பீஸால் வைத்து இணையுங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ரயில் பல்சக்கரத்தால் நடுத் தண்டவாளத்தின் பற்களைப் பிடித்து ஏறுகிறது. அந்தப் பகுதியை மட்டும் சங்கிலித் தையலிலும் மற்றதை ஓட்டுத் தையலிலும் போட்டால், தெரிந்தவர் கண் உடனே அங்கே நிற்கும். நிலையங்களுக்கு முடிச்சுத் தையல். ஆறிழை நூலில் மூன்றிழை பிரித்து எடுத்தால் கோடு தெளிவாக விழும்.

தைக்கும் முறை

ஒட்டுக் கேன்வாஸை உறைத் துண்டின் பின்பக்கத்தில் நடுவே வையுங்கள். பளபளக்கும் பசைப் பக்கம் துணியைப் பார்க்க வேண்டும். சுற்றிலும் 1.2 செ.மீ. வெறும் துணி தெரியும். தையல் அந்த வெறும் பகுதியில் ஓடும், மூலை தடிக்காது. ஈரத் துணியை மேலே விரித்து, இஸ்திரிப் பெட்டியை ஓரிடத்தில் வைத்து அழுத்தி 10 முதல் 15 விநாடி பிடித்து, தூக்கி அடுத்த இடத்தில் வையுங்கள். தேய்த்து இழுத்தால் கேன்வாஸ் நகர்ந்து கொப்புளம் விழும். ஆறும்வரை துணியை மேசையிலேயே விட்டுவிடுங்கள். சூட்டோடு தூக்கினால் பசை பிடிக்காமல் பிரியும்.

அடுத்து டிக்கெட் பை. 14 செ.மீ. பக்கம் ஒன்றை முதலில் 1 செ.மீ., பிறகு 2 செ.மீ. மடித்து அடியுங்கள், இது பையின் வாய். மற்ற மூன்று பக்கமும் 1 செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போட்டால் 12 × 16 செ.மீ. பை கிடைக்கும். தபால் அட்டையும் 4 × 6 இன்ச் போட்டோவும் தாராளமாக நுழையும். விமான போர்டிங் பாஸ் நீளமானது, ஒருமுறை மடிக்க வேண்டியிருக்கும். உறைத் துண்டின் நல்ல பக்கத்தில், இடது பாதியில், இடது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் 3 செ.மீ. தள்ளி வைத்து மூன்று பக்கமும் தையுங்கள். வாயின் இரு மூலையிலும் முன்னும் பின்னுமாக மூன்று முறை ஓட்டுங்கள். பை கிழியத் தொடங்குவது அங்கேதான். டிச் பட்டனையும் இப்போதே வைத்துவிடுங்கள். நோட்டு பைக்குள் தலைகீழாகக் கிடக்கும்போது டிக்கெட் கொட்டாமல் இருக்க அது வேண்டும்.

எலாஸ்டிக்கை 24 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். இது உறைத் துண்டின் உயரமே. இதைவிடக் குறைத்தால் நோட்டைத் திறந்து வைத்திருக்கும்போதும் எலாஸ்டிக் இழுத்து உறை வில்லாக வளையும். இதே நீளத்தில் இருந்தால், வெறும் நோட்டில் லேசாகவும் பருத்த நோட்டில் கெட்டியாகவும் பிடிக்கும். உறையின் நல்ல பக்கத்தில், இடது ஓரத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி, மேலிருந்து கீழாக வைத்து இரு முனையையும் ஓரத்திலிருந்து அரை செ.மீ.க்குள் தைத்து நிறுத்துங்கள். முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள்.

மடிப்புப் பைத் துண்டுகளை நல்ல பக்கம் வெளியே தெரிய 9 × 24-ஆக மடித்து இஸ்திரி போடுங்கள். மடித்த ஓரத்தில் 3 மி.மீ. உள்ளே ஒரு தையல் ஓட்டினால் அங்கே துணி அலையாது.

இனி அடுக்கும் வரிசை. இதில் மாறினால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

1. அடியில் உறைத் துண்டு, நல்ல பக்கம் மேலே. எலாஸ்டிக் ஏற்கெனவே அதன்மேல் இருக்கிறது.
2. அதற்கு மேல் இடமும் வலமுமாக இரண்டு மடிப்புப் பைகள். மடித்த ஓரம் நடுவை நோக்கியும், வெட்டிய ஓரங்கள் உறையின் ஓரத்தோடு ஒட்டியும்.
3. எல்லாவற்றுக்கும் மேல் லைனிங், நல்ல பக்கம் கீழே.

எலாஸ்டிக் மடிப்புப் பைக்கு அடியில்தான் இருக்க வேண்டும். பைக்கும் லைனிங்குக்கும் நடுவே வைத்துத் தைத்தால், புரட்டியபின் அது பைக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வராது.

குண்டூசி குத்தி, கீழ் ஓரத்தின் நடுவில் 10 செ.மீ. இடைவெளியைச் சாக்பீஸால் குறியுங்கள். இரண்டு மடிப்புப் பைகளுக்கும் இடையே 19 செ.மீ. இருப்பதால் இடைவெளி எதன்மேலும் ஏறாது. அந்த இடைவெளியின் ஒரு முனையில் தொடங்கி, ஓரத்திலிருந்து சரியாக 1 செ.மீ. விட்டு, சுற்றிவந்து மறுமுனையில் முடியுங்கள். தையல் நீளம் 2.5 மி.மீ. தொடக்கத்திலும் முடிவிலும் எலாஸ்டிக்கின் மேலும் திரும்ப ஓட்டுங்கள். பை இருக்கும் பகுதியில் நான்கு அடுக்கு சேருவதால் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகப் போகலாம். கையால் தைப்பவர்கள் இரட்டை நூலில் 3 மி.மீ. பின் தையல் போடுங்கள். வெறும் ஓட்டுத் தையல் போதாது. நோட்டை நுழைக்கும் ஒவ்வொரு முறையும் மூலையில் இழுவிசை விழும்.

நான்கு மூலையையும் தையலுக்கு 3 மி.மீ. விட்டுக் கோணமாக வெட்டுங்கள். லைனிங், மடிப்புப் பை ஆகியவற்றின் தையல் ஓரத்தை மட்டும் அரை செ.மீ.யாகக் குறையுங்கள், மேல் துணியின் ஓரம் 1 செ.மீ. அப்படியே இருக்கட்டும். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் வெளியே மேடு தெரியும்.

இடைவெளி வழியாக உறையை வெளியே புரட்டுங்கள். பிறகு இரண்டு மடிப்புப் பைகளையும் லைனிங் பக்கமாகத் திருப்பிவிடுங்கள். மூலைகளைப் பின்னல் ஊசியின் மழுங்கிய முனையால் உள்ளிருந்து தள்ளுங்கள். கத்தரி முனை துணியைத் துளைத்துவிடும். இடைவெளியின் ஓரங்களை உள்ளே மடித்து, ஈரத் துணி போட்டு நன்றாக இஸ்திரி போடுங்கள்.

கடைசியாக மேல் தையல். ஓரத்திலிருந்து 3 மி.மீ. உள்ளே ஓட்டினால் இடைவெளியும் மூடும், ஓரமும் படியும். ஆனால் உறையைச் சுற்றிலும் ஓட்டாதீர்கள். மடிப்புப் பைகளின் மேலும் ஓட்டினால் மேலே 3, கீழே 3 என 6 மி.மீ. உயரம் குறைந்துவிடும், நாம் விட்டிருப்பது 5 மி.மீ. தளர்வுதான், நோட்டு நுழையாது. மேலும் கீழும் நடுவிலுள்ள 19 செ.மீ.க்கு மட்டும் ஓட்டுங்கள். சுற்றிலும் மேல் தையல் வேண்டும் என்று ஆசைப்பட்டால், வெட்டும்போதே உயரத்தில் 8 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது

இரண்டு அட்டைகளையும் பின்னால் மடக்கிப் பிடித்து, ஒரே நேரத்தில் இரண்டு பைகளிலும் நுழையுங்கள். ஒன்றை முழுக்க உள்ளே தள்ளிவிட்டு மற்றதை நுழைக்க முயன்றால் எப்போதும் ஒரு செ.மீ. போதாததுபோல் இருக்கும். மாட்டியபின் ஒருமுறை மூடித் திறந்து, முதுகில் துணி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மூடும்போது இறுக்கமாக இருந்தால், முதலில் மேல் தையலை நடுவில் பிரித்து, உள்ளே பக்கவாட்டுத் தையல் ஓரம் சுருண்டிருக்கிறதா என்று பாருங்கள். பல சமயம் அதுவே காரணம். அதுவும் இல்லையென்றால் பக்கவாட்டுத் தையலை 3 மி.மீ. வெளியே தள்ளிப் போட்டுவிட்டு, பழைய தையலைப் பிரிக்கலாம். மேல் துணியின் ஓரத்தை 1 செ.மீ. விட்டுவைத்தது இதற்கும் உதவும். ஆனால் லைனிங்கின் குறைத்த ஓரத்தில் அதற்குமேல் போக இடமில்லை. இறுக்கத்துக்கு மாறாகத் தொளதொளப்பு என்றால் எதையும் பிரிக்க வேண்டாம். நோட்டு நிரம்ப நிரம்ப அது சரியாகிவிடும்.

வெயிலிலும் புழுக்கத்திலும் எலாஸ்டிக் தளர்ந்துபோகும். நீண்ட நாள் வைத்திருக்கப் போகும் நோட்டுக்கு எலாஸ்டிக்குக்குப் பதிலாக 90 செ.மீ. பருத்தி நாடா ஒன்றை நடுவில் மடித்து, பின்னட்டைப் பக்க ஓரத் தையலின் மத்தியில் உறைக்கும் மடிப்புப் பைக்கும் இடையே வைத்துத் தைத்துவிடலாம். சுற்றி முன்னால் முடிச்சுப் போட்டால் நோட்டு எவ்வளவு பருத்தாலும் அடங்கும்.

பக்கங்களில் பசை ஈரமாக இருக்கும்போது உறையோடு மூடி எலாஸ்டிக் மாட்டாதீர்கள். துணி அந்த ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் இரண்டொரு நாளில் பூஞ்சை மணம் வரும். துவைக்கும்போது நோட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல் நிழலில் உலர்த்துங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே லைனிங் பக்கத்திலிருந்து இஸ்திரி போட்டால் ஒட்டுக் கேன்வாஸ் சுருக்கம் விழாமல் படியும். நோட்டு நிரம்பியதும் அதே உறையை அடுத்த நோட்டுக்கு மாட்டலாம். கடைக்குப் போகும்போது உறையையும் எடுத்துப் போய் அட்டை உயரத்தை வைத்துப் பாருங்கள். ஏ5 என்று விற்கும் நோட்டுகளின் அட்டை கம்பெனிக்குக் கம்பெனி சில மி.மீ. மாறும்.